கெட்டியாக இறங்கினால் நல்லது

எனக்கு உருளைக்கிழங்கு ஒத்துக்கொள்ளாது. வாயு பிடித்துக்கொள்ளும். மூன்று வருஷம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை பார்த்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். பக்கத்துத் தோட்டத்து வள்ளியாத்தாள் அக்கா வறுவல் செய்து கொண்டுவந்தால் மட்டும் தட்டாமல் சாப்பிடுவேன். அவர் மனசு நோகக் கூடாது, அதற்காக.

ரிஃபானா மேடம், அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுகிற தாள் பறக்கிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. தோட்டக்கலை ஆபீசிலிருந்து நீங்கள் மண் எடுக்க வந்த அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் முதலாளியிடம்தான் கேட்டீர்கள். நான் பக்கத்தில் பை பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதை மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் முத்துப்பேச்சி. கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமான கையோடு நானும் என் வீட்டுக்காரர் பெரியகருப்பனும் திருப்பூருக்கு வந்துவிட்டோம். நல்லூரில் மாடி வீடு, கீழே நாலு தையல் மெஷின் விடாமல் ஓடும். இரண்டு பேருக்கும் ஒரே சாயப்பட்டறையில் வேலை. முதலாளி பொங்கியண்ணன். என் வீட்டுக்காரர் மோட்டார், பம்பு, குழாய் எல்லாம் பார்ப்பார். நான் பன்னிரண்டாவது பாஸ் என்பதால் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் இடத்தில் லேப் வேலை கொடுத்தார்கள்.

லேப் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு லிட்டர் பிடிக்கும் உயரமான கண்ணாடிக் குடுவை. சாயத் தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்பதற்குத் தொட்டியில் பாக்டீரியா வளர்ப்பார்கள். அதற்குக் காற்று கொடுக்க வேண்டும், வெல்லப்பாகு கொடுக்க வேண்டும், சாணிக் கரைசல் கொடுக்க வேண்டும். மாமியார் வீட்டு மாப்பிள்ளையைக் கவனிப்பது போலக் கவனித்தால்தான் வேலை செய்யும். தொட்டித் தண்ணீரைக் குடுவையில் மொண்டு அரைமணி நேரம் வைப்பேன். பழுப்பு நிறத்தில் கெட்டியாக அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்தால் பாக்டீரியா நன்றாக இருக்கிறது. கறுப்பாக மேலே மிதந்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால் காற்றில்லாமல் செத்துக் கிடக்கிறது. அந்த மாதிரி நாளில் தொட்டிப் பக்கம் யாரும் குனியக்கூடக் கூடாது. உள்ளே விஷக் காற்று தேங்கியிருக்கும்.

முதலாளிக்கு இதெல்லாம் புரியாது. அவருக்குச் சாயம் தெரியும், ஷேடு தெரியும், துணி வாங்க வரும் பையர் முகத்தைப் பார்த்தே ஆர்டர் நிற்குமா போகுமா என்று தெரியும். பாக்டீரியா தெரியாது. நான்தான் ஒரு நாள் குடுவையைக் காட்டி, "கெட்டியா எறங்குனா நல்லது ஐயா" என்று சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான் அவர் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பதினோரு வருஷமும் ஒரே கேள்விதான். "கெட்டியா எறங்குதாம்மா?"

என் வீட்டுக்காரர் இறந்தது ஆடி மாதக் கடைசியில், ஆறு வருஷத்துக்கு முன்னால். கசடு தேங்கும் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. அன்றைக்குப் பதினொரு மணிக்கு வெளிநாட்டுப் பையரின் ஆள் ப்ளாண்ட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. முறைப்படி பார்த்தால் அரை நாள் காற்றடித்து, முகமூடி போட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறக்க வேண்டும். முதலாளி போனில், "சட்டுனு ஆளை எறக்கி எடுத்து உடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றித் தொட்டி ஓரத்தில் ஜோடியாக வைத்துவிட்டு இறங்கினார். எதையும் ஜோடியாக வைக்கிற பழக்கம் அவருக்கு. இருபது நிமிஷம் கழித்துத்தான் தூக்கினார்கள்.

எதிர்பாராத விபத்து என்று எழுதினார்கள். நான் அந்தத் தாளை வைத்திருக்கிறேன். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த மோட்டார் பையன் ஊட்ல யாரு வந்திருக்கறாங்க" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அவர் பெயரைச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதனால் என்னையும் பார்க்கவில்லை.

ஊருக்குப் போய் ஒரு வருஷம் இருந்தேன். திரும்பி வந்து பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். அந்தச் சமயத்தில்தான் முதலாளி சாயப்பட்டறையை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நெஞ்சுவலி வந்ததாம். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னாராம். அமராவதி நகர் பக்கம், அணைக்குக் கீழே மூன்று ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் செய்கிறார் என்றார்கள். முப்பது வருஷம் ஆற்றில் கலர் கலராகத் தண்ணீர் விட்ட மனுஷன் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு, மண்ணில் செருப்புப் படக் கூடாது என்று வெறுங்காலில் நடக்கிறாராம். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அவரே ஆள் விட்டார். "நம்ம லேப்ல பாக்டீரியா வளத்துன பொண்ணு எங்கிருந்தாலும் கூட்டியாங்க" என்று சொல்லியிருக்கிறார். போனேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், மோர் கொடுக்கச் சொன்னார். பழைய ஆட்களைப் பற்றியெல்லாம் விசாரித்தார். பிறகு, "உங்க ஊட்டுக்காரரு என்ன பண்றாரு கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

"அடடா" என்றார். எப்போது, எப்படி என்று கேட்பார் என்று மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தேன். அவர் எழுந்து போர் மோட்டார் சத்தம் சரியில்லை என்று பார்க்கப் போய்விட்டார்.

கேட்டிருந்தால் நான் மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பேன். தோட்டத்துக்குப் பாக்டீரியா வளர்த்துக் கொடுக்கும் வேலையை ஒத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வருஷம் நான் செய்த வேலையில் நீங்கள் ஒரு குறை சொல்ல முடியாது. விதைக்கிழங்கைப் பாக்டீரியாக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி நடுவோம். அது வேரைச் சுற்றிக் குடியேறிக்கொள்ளும். வேர் கசியவிடும் இனிப்பைத் தின்றுகொண்டு, மண்ணில் இருக்கும் சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுக்கும். கெட்ட கிருமி வந்தால் உட்கார இடம் இருக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. நான் வளர்த்த பாக்டீரியா நல்ல பாக்டீரியா. அமராவதிப் பக்கம் மலைக்காற்று இருந்தாலும் உருளைக்கிழங்கு சரியாக வராது என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது. கார்த்திகையில் நட்டு மாசியில் தோண்டியபோது கிழங்கு ஒவ்வொன்றும் சொறி இல்லாமல், அழுகல் இல்லாமல், கழுவி வைத்தது போல இருந்தது.

முதல் வருஷமே அவர் வெள்ளாமையை அழித்திருக்கலாம். நீங்கள் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள். அழித்திருந்தால், ஒரு வெள்ளாமை போயிற்று என்று சொல்லிவிட்டு மனுஷன் திருப்பூருக்குப் போய் வேறு தொழில் பார்த்திருப்பார். மனசு ஒட்டாத ஒன்றைப் பிடுங்கி என்ன பிரயோஜனம்? இரண்டாவது வருஷம் அவர் மண்ணில் மண்டிபோட்டுக் கையால் கிழங்கைத் துழாவி எடுத்தார். எடுத்து முகர்ந்து பார்த்தார். அழுதார். "இத்தன வருசம் வீணாப் போச்சு கண்ணு, இதுதான் பொழப்பு" என்றார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அடுத்த வருஷம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அக்கம்பக்கத்து விவசாயிகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது பார்க்க வருவார்கள். சாயப்பட்டறையிலிருந்து அந்தப் பழைய குடுவையை மட்டும் அவர் கொண்டுவந்திருந்தார். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் குடுவைத் தண்ணீரில் அலசிக் காட்டுவார். தண்ணீர் லேசாகக் கலங்கும். "இதாங்க நம்ம பாக்டீரியா. கெட்டியா எறங்குனா நல்லது" என்பார். பதினோரு வருஷம் என்னிடம் கேட்ட கேள்வியைப் பாடமாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேரில் ஒட்டின மண்தான் அப்படி இறங்கும், பாக்டீரியாவை அப்படிப் பார்க்க முடியாது. நான் திருத்தவில்லை. நம்பிக்கை அவருடையது.

மூன்றாவது வருஷம் மார்கழிக் கடைசியில் வடக்கு மூலையில் பதினோரு செடிகளுக்கு வாடல் வந்தது. மத்தியானம் இலை தொங்கும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். வெயில் என்று அவர் விட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பிடுங்கினால் கிழங்கு வீணாகுமே என்று, தொங்கிக்கொண்டிருந்த செடிகளில் ஒன்றின் தண்டை அறுத்துக் குடுவைத் தண்ணீரில் தொங்கவிட்டார். இரண்டு நிமிஷத்தில் தண்டின் அடியிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக, நூல் நூலாக இறங்க ஆரம்பித்தது.

அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். வாடல் நோய்க் கிருமி தண்டுக் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தால் தவிர அப்படி இறங்காது. எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் ஒரே ஒரு பாடம் படித்தவர்.

"பேச்சி, இங்க வந்து பாரு கண்ணு" என்று கூப்பிட்டார். "வேருலதான் இருக்கும்னு சொன்னியே, தண்டுக்குள்ளயே ஏறிருச்சு பாரு. எத்தன கெட்டியா எறங்குது. இத்தன நாள்ல இப்படிப் பாத்ததே இல்லீங்க" என்று வந்தவர்களிடம் திரும்பிச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் பதினோரு செடியோடு முடிந்திருக்கும். நான் தலையாட்டினேன்.

மறுநாளே அந்தப் பதினோரு செடிகளையும் வெட்டி, நசுக்கி, வெல்லம் போட்டு டிரம்மில் ஊற வைக்கச் சொன்னார். அவர் சொன்னதைச் செய்தேன். ஊறின கரைசலை மூன்று ஏக்கருக்கும் சொட்டு நீர்க் குழாய் வழியாகப் பாய்ச்ச அவரே வால்வைத் திறந்துவிட்டார். பிறரைத் திறக்க விடவில்லை. தை பிறந்ததும் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் வரச்சொல்லி ஆளுக்கு ஒரு கேன் கொடுத்தார். முப்பத்தொரு பேர். தனக்குக் கிடைத்ததைத் தனக்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பேசினார். நல்ல பேச்சு. கேன் மூடியெல்லாம் நான்தான் திருகிக் கொடுத்தேன்.

வரிசையில் முதல் ஆள் வள்ளியாத்தாள் அக்கா. ஒன்றேகால் ஏக்கர், பாதி உருளைக்கிழங்கு, பாதி தக்காளி. வீட்டுக்காரர் இல்லாமல் இருபது வருஷம் தனியாக அந்த மண்ணை வைத்துப் பிழைத்தவர். நான் வந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவர் கையில்தான். என் வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று அந்த ஊரில் கேட்ட ஒரே ஆள் அவர். கேட்டுவிட்டு, அவர் பெயர் என்ன என்றும் கேட்டார். சொன்னேன். "பெரியகருப்பன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அக்காவுக்கு மட்டும் வேறு கேன் கொடுத்திருக்கலாம். ஷெட்டில் என் நல்ல பாக்டீரியா இரண்டு கேன் இருந்தது. யோசித்தேன். எல்லோர் தோட்டமும் போய் ஒருத்தர் தோட்டம் மட்டும் தப்பினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். "ரெண்டு கேன் குடு கண்ணு, தக்காளிக்கும் ஊத்தறேன்" என்றார். கொடுத்தேன்.

மீதி நீங்களே பார்த்தீர்கள். மாசி வெயில் ஏறியதும் ஒவ்வொரு தோட்டமாகச் சாய்ந்தது. கிழங்கை அறுத்தால் உள்ளே பழுப்பு வளையம், அமுக்கினால் சீழ். உருளை போச்சு, தக்காளி போச்சு, கத்திரி போட்டவர்களுக்குக் கத்திரியும் போச்சு. இந்த மண்ணில் இனிப் பல வருஷத்துக்கு இவற்றை நட முடியாது என்று நீங்கள்தான் ஊர்க் கூட்டத்தில் சொன்னீர்கள். அக்கா இப்போது காலையில் பனியன் கம்பெனி வேனில் போகிறார். ஐம்பத்தெட்டு வயதில் செக்கிங் மேஜையில் நின்றுகொண்டு பீஸ் பார்க்கிறார். நிழலில் வேலை, அந்த மட்டும் பரவாயில்லை. போன வாரம் வேன் நிற்கிற இடத்தில் பார்த்தேன். "நீ என்ன கண்ணு பண்ணுவ, உன்னாலானதப் பண்ணுன" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை காய்ப்பு இன்னும் போகவில்லை.

கேன் வாங்கினவர்கள் முதலாளி வீட்டு கேட்டில் வந்து கத்தினார்கள். பச்சைத் துண்டை ஒருத்தர் பிடித்து இழுத்தார். முதலாளி தோட்டத்துக்குள் வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு டிரம் போட்டாத் தேறுமா கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். "போட்டுப் பாப்போம் ஐயா" என்றேன். நாலு டிரம் போட்டோம். ஒவ்வொரு தடவையும் குடுவையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். அந்த நாலு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். ஆறு வருஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான்.

வடக்கு மூலையில் வாடல் வந்தது என்று முன்னால் சொன்னேன். வரவில்லை. நான் கொண்டுவந்தேன். மலையில் ஒரு விவசாயிக்குப் பாக்டீரியா கொடுக்கப் போனபோது அவர் தோட்டம் ஏற்கெனவே செத்துப் போயிருந்தது. அங்கிருந்து ஐந்து கிழங்கைச் சாப்பாட்டுத் தூக்குப்போசியில் போட்டு எடுத்து வந்தேன். கார்த்திகை நடவன்று மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் துண்டு போட்டு வடக்கு மூலையில் நட்டேன். முளைத்த துண்டு பதினொன்று. இதைத் தெளிவாக எழுதுங்கள். நட்டது நான், முளைக்க வைத்தது நான், தெரிந்தே தலையாட்டியது நான், முப்பத்தொரு பேருக்கும் மூடி திருகிக் கொடுத்தது நான்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், உங்கள் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார்கள். "எதிர்பாராத நோய்த்தாக்குதல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு முதலாளி, "நம்ம கையில என்ன இருக்குது, ஆண்டவன் பாத்துப் பண்றது" என்று மூச்சு விட்டார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாராம். எனக்கு அது பொறுக்கவில்லை. எதிர்பாராதது என்ற வார்த்தையை இரண்டாவது தடவையும் எழுதவிட மாட்டேன். இந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள். சாயப்பட்டறைத் தொட்டியில் செத்த பெரியகருப்பனின் மனைவி என்று முதல் வரியில் இருக்கட்டும். அவர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? அன்றைக்கு முதலாளி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமலா ஆளை இறக்கச் சொன்னார் என்றா?

விசாரித்தார். லேப் போனுக்குத்தான் கூப்பிட்டார். "கெட்டியா எறங்குதாம்மா?" என்றார். அந்த மாதத்தில் இரண்டு தடவை நான் இல்லை என்று சொல்லி, இரண்டு தடவையும் பட்டறையை நிறுத்த வேண்டி வந்து, எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியிருந்தேன். பையர் வேறு வந்துகொண்டிருந்தார். "நல்லா எறங்குதுங்க ஐயா" என்றேன். என் வீட்டுக்காரர் வாசல்படியில் ஸ்பேனரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எறங்கட்டுமா பேச்சி?" என்றார். தலையாட்டினேன்.

குடுவை அன்றைக்குக் கறுப்பாக மிதந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை மேடம், அதை எழுத வேண்டாம்.